வலியைப் பார் என்றார் சரோ அக்கா

நீண்ட நேரம் உட்கார்ந்து கால் வலித்தால் எழுந்துவிடுங்கள். ஒரு கால் மட்டும் வீங்கினால் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். அவசரமாக இருப்பவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன். நேரம் இருப்பவர்களுக்காக மீதியையும் எழுத உட்கார்ந்திருக்கிறேன். உட்கார்ந்திருக்கிறேன் என்பதுகூடப் பொய். சமையலறை மேடையில் தாளை வைத்து, நின்றுகொண்டுதான் எழுதுகிறேன்.

என் பெயர் கலா. ஆயர் ஈத்தாமில், மார்க்கெட்டுக்குப் பின்னால் உள்ள ஃபிளாட்டில் ஆறாவது மாடி. வீட்டில் நான், என் கணவர் மணியம், பேங்கில் வேலை செய்யும் மகள் ஷாமினி. பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில், மைக்ரோஸ்கோப் வழியாகச் சின்னச் சின்னத் தகடுகளைப் பார்த்து, கீறல் இருப்பதை ஒதுக்குவது என் வேலை. கண்ணால் பிழைப்பவள் நான். அப்படிப்பட்டவள் கண்ணை மூடிக்கொண்டு உட்காரப் போனதற்கு ஒரு காரணம் இருந்தது.

என் தம்பி மோட்டார் சைக்கிள் விபத்தில் இறந்த வருஷம் எனக்குத் தூக்கம் போயிற்று. படுத்தால் நெஞ்சு அடித்துக்கொள்ளும். மாத்திரை போட்டாலும் ஒன்றும் நடக்கவில்லை. அப்போது என்னைப் பிடித்து நிறுத்தியவர் நாலாவது மாடி சரோ அக்கா. ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர், தனியாக இருப்பவர், நல்ல உயரம், பேச்சில் ஒரு வார்த்தை கூடுதலாக இருக்காது. அவர்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைப் புத்த தியான சென்டருக்குக் கூட்டிப்போனார். கடை வரிசையின் மேல்மாடியில் ஒரு கூடம். பெரும்பாலும் சீனர்கள், தமிழர்கள் நாங்கள் நாலைந்து பேர். கண்ணை மூடி, மூக்கு நுனியில் மூச்சு வந்துபோவதைக் கவனிக்க வேண்டும். முதல் மாதம் தூங்கி விழுந்தேன். பிறகு நிஜமாகவே வீட்டிலும் தூங்கினேன். அதற்காக சரோ அக்காவின் காலைத் தொட்டுக் கும்பிட்டிருக்கிறேன். இப்போது நினைத்தாலும் அந்தக் கும்பிடு பொய்யில்லை.

மணியத்துக்கு இது பிடிக்கவில்லை. "உக்காந்துகிட்டே எங்கதான் போய்ச் சேரப்போறீங்க ரெண்டு பேரும்?" என்று கேலி செய்வார். ஆனாலும் ஞாயிறு தவறாமல் மோட்டாரில் கொண்டுபோய் இறக்கிவிடுவார்.

போன வருஷம் பத்து நாள் முகாமுக்குப் பேர் கொடுத்தேன். பாலிக் புலாவ் பக்கம், ஒரு டுரியான் பழத் தோட்டத்துக்குள் இருந்த இடம். பத்து நாளும் மௌனம். போன் இல்லை, புத்தகம் இல்லை, யாரையும் பார்த்துச் சிரிக்கக்கூட வேண்டாம் என்றார்கள். பெண்கள் பகுதிக்கு உதவியாளர் சரோ அக்கா. ஏதாவது தேவை என்றால் அவரிடம் மட்டும் மெதுவாகப் பேசலாம்.

அங்கே ஓர் அமர்வு உண்டு. ஒரு மணி நேரம் கையை, காலை அசைக்கக் கூடாது, கண்ணைத் திறக்கக் கூடாது. வலி வந்தால் வலி என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான். வெளியே டுரியான் விழும் சத்தம் கேட்கும். அதைச் சத்தம் என்று மட்டும் குறித்துக்கொள்ள வேண்டும், பழமா காயா என்று யோசிக்கக் கூடாது. ஒருநாள் கூரைக்கு மேலே ஏதோ பறந்தது. நனைந்த கைலியை யாரோ உதறுவது போன்ற இறக்கைச் சத்தம். இவ்வளவு பெரிய பறவையா என்று கண்ணைத் திறக்கப் போனேன். தோளில் ஒரு விரல் தட்டியது. சரோ அக்காதான். திரும்பவும் மூடிக்கொண்டேன்.

முகாமின் பாதியில் இடது கெண்டைக்கால் வலிக்க ஆரம்பித்தது. உட்கார்ந்த வலி எனக்குப் பழக்கம், அது எழுந்து நடந்தால் போய்விடும். இது போகவில்லை. சாயங்காலம் குளிக்கும்போது பார்த்தால் வலது காலை விட இடது கால் தடித்திருந்தது. தொட்டால் சூடு. சாப்பாட்டுக்குப் பிறகு சரோ அக்காவை ஓரமாகக் கூப்பிட்டேன்.

"அக்கா, காலு வீங்கின மாதிரி இருக்கு. பாருங்களேன்."

அவர் குனிந்து ரெண்டு காலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கெண்டைக்காலைக் கட்டை விரலால் அழுத்தினார். நான் பல்லைக் கடித்தேன். அவர் இன்னொரு தரம் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, "வலியைப் பாரு கலா. வந்தது போகும். இப்ப எந்திரிச்சீன்னா இவ்வளவு நாளு உக்காந்தது வீணாப் போயிரும்லா," என்றார்.

நர்ஸாக இருந்தவர் பார்த்துவிட்டார், அப்புறம் எனக்கென்ன கவலை என்று நான் போய் உட்கார்ந்தேன். மீதி நாட்கள் முழுக்க அந்தக் காலைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். கழிவறைக்கு அடிக்கடி எழுந்தால் மற்றவர்களுக்குத் தொந்தரவு என்று தண்ணீரையும் குறைத்துக்கொண்டேன். நல்ல மாணவி நான்.

முகாம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் மணியம் காலைப் பார்த்துப் பதறிப்போனார். "என்னாடி இது, யானைக்கால் மாதிரி?" என்று மின்யாக், அதாவது தைல பாட்டிலை எடுத்துவந்து, தரையில் உட்கார்ந்து, என் காலை மடியில் வைத்துக்கொண்டு அழுத்தித் தேய்த்தார். யாருக்கும் கை கால் வலி என்றால் எங்கள் வீட்டில் அதுதான் முதல் வைத்தியம். அவர் கை நல்ல பலமான கை. வலித்தாலும் சுகமாக இருந்தது, அப்படியே தூங்கிவிட்டேன்.

மறுநாள் காலை வேலைக்குக் கிளம்பி லிஃப்ட் வரை நடந்தேன். திடீரென்று நெஞ்சின் வலப்பக்கம் கத்தியால் குத்தியது போல வலி. மூச்சை இழுத்தால் பாதியில் நின்றது. இழுக்க இழுக்க உள்ளே போகவில்லை. சுவரைப் பிடித்தபடி சரிந்து உட்கார்ந்தேன். சப்தம் கேட்டு ஷாமினி ஓடிவந்தாள். அவள் என்னை ஏற்றிக்கொண்டு தன் கெரெத்தாவை, அந்தச் சின்னக் காரை, எப்படி ஓட்டினாள், எந்த சிக்னலில் நின்றாள் என்று எனக்கு ஞாபகமில்லை. ஞாபகம் இருப்பது, "மா, கண்ணைத் தொறந்து வச்சிரு மா, கண்ணை மூடாத மா," என்று அவள் திரும்பத் திரும்பச் சொன்னது மட்டும்தான்.

அரசாங்க ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் ஆக்சிஜன் வைத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள், நெஞ்சில் ஒயர்களை ஒட்டினார்கள். பிறகு சி.டி. ஸ்கேன். கையில் ஊசி வழியாக ஒரு சாயம் ஏற்றுவார்கள். அது உடம்புக்குள் ஓடும்போது சூடாக இருக்கும், ஒன்றுக்குப் போய்விட்ட மாதிரி தோன்றும். முன்னாலேயே சொல்லிவிட்டார்கள், இருந்தும் நான் வெட்கப்பட்டு ரெண்டு தரம் தடவிப் பார்த்துக்கொண்டேன். ரிசல்ட் வரும்வரை ஒரு நடைபாதையில் தள்ளுகட்டிலோடு நிறுத்தி வைத்திருந்தார்கள். எதிரே வரிசையாக நாற்காலிகள். எல்லோரும் கதவு திறக்கும்போதெல்லாம் ஒன்றாக நிமிர்ந்து, ஒன்றாகக் குனிந்தார்கள். மணியம் என் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். கீழே வைக்க அவருக்குத் தோன்றவேயில்லை.

வார்டு டாக்டர் ஒரு தமிழ்ப் பெண், ஷாமினி வயதுதான் இருக்கும். கட்டில் ஓரத்தில் நின்று பொறுமையாக விளக்கினார். காலின் உள்ளே ஆழமாக ஓடும் ரத்தக் குழாயில், ரத்தம் ஓடாமல் தேங்கி, தயிர் மாதிரி உறைந்திருக்கிறது. அதில் ஒரு துண்டு பிய்ந்து மேலே போய் நுரையீரலில் அடைத்திருக்கிறது. பெரிய துண்டாக இருந்திருந்தால் லிஃப்ட் வாசலிலேயே முடிந்திருக்கும்.

"லாங் டிராவல் ஏதும் போனீங்களா ஆன்ட்டி? பிளேன், பஸ்?"

"எங்கயும் போகல டாக்டர். உக்காந்திருந்தேன்."

"எங்க?"

"சும்மாதான். பத்து நாளு."

அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார். மாதவிடாய் தாறுமாறாக வருகிறது என்று கிளினிக்கில் கொடுத்த ஹார்மோன் மாத்திரையைச் சொன்னேன். சிலருக்கு அதுவும் ரத்தத்தை உறைய வைக்கும், அதோடு அசையாமல் உட்கார்ந்தது, தண்ணீர் குடிக்காதது எல்லாம் சேர்ந்துகொண்டது என்றார். பிறகு, "காலை யாராச்சும் உருவி விட்டீங்களா?" என்று கேட்டார்.

மூலையில் நின்ற மணியம், பள்ளிக்கூடத்தில் கை தூக்குவது போலக் கையைத் தூக்கினார். "நான்தான் டாக்டர். மின்யாக் போட்டு நல்லா அழுத்தித் தேச்சேன்."

"இனிமே செய்யாதீங்க அங்கிள். கட்டி நகந்திரும். உங்களாலதான் வந்துச்சுன்னு சொல்ல முடியாது, தானாவும் நகரும். ஆனா செய்யாதீங்க."

டாக்டர் சொன்னதில் முதல் வரியும் கடைசி வரியும் மட்டும்தான் மணியத்தின் காதில் விழுந்திருக்கிறது. படிக்கட்டில் போய் உட்கார்ந்து அழுதாராம், ஷாமினி சொன்னாள். அன்றிலிருந்து என் கட்டில் பக்கத்தில் வந்தால் கையைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொள்வார். "விடுங்க, உங்களுக்கு என்ன தெரியும்," என்று நான் சொன்னேன். அவருக்குத் தெரியாது. அதைத்தான் பிற்பாடு நான் பலமுறை நினைத்துக்கொண்டேன்.

காலுக்கும் ஒரு ஸ்கேன் எடுத்தார்கள். தொடையிலிருந்து கீழே வரை குளிர்ந்த பசையைத் தடவி, ஒரு கருவியால் அழுத்திக்கொண்டே வருவார்கள். நல்ல குழாய் அழுத்தினால் தட்டையாகும். உறைந்த குழாய் ஆகாது. திரையில் அது கறுப்பு வட்டமாக அப்படியே நின்றது. தொழிற்சாலையில் நான் ஒதுக்கும் தகடுகள் ஞாபகம் வந்தன. இவ்வளவு தெளிவாகத் தெரிகிற கோளாறை, கண்ணை மூடி உள்ளே உள்ளே என்று தேடிய எனக்கு அத்தனை நாளும் தெரியவில்லை.

ரத்தத்தை இளக வைக்க வயிற்றில் ஊசி, காலையும் மாலையும். குத்திய இடமெல்லாம் நீலம் பாரித்தது. பில்லைப் பற்றிய பயம் எல்லோரையும் போல எங்களுக்கும் இருந்தது. அரசாங்க ஆஸ்பத்திரி என்பதால் அது பயத்தோடு போயிற்று. ஷாமினி வேலை முடிந்து நேராக வருவாள், பேங்க் சட்டையோடு என் தலையை வாரிப் பின்னிவிடுவாள். சின்ன வயசில் நான் அவளுக்குப் பின்னும்போது கத்துவாள். இப்போது நான் கத்தினேன், அவள் சிரித்தாள்.

ராத்திரிகள்தான் கஷ்டம். பழக்க தோஷத்தில், தூக்கம் வராதபோது கண்ணை மூடி மூச்சைக் கவனிப்பேன். ஆனால் இப்போது ஒவ்வொரு மூச்சும் குத்துகிறது. கவனிக்கக் கவனிக்க, அடுத்தது வருமா என்ற பயம் வந்தது. தம்பி போனபோது என்னைத் தூங்க வைத்த அதே மூச்சு, இப்போது என்னைக் கொல்லப் பார்க்கிறது என்று தோன்றும். கண்ணைத் திறந்தால்தான் நிம்மதி. திறந்தால் ஒரு ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே ஒரு பெரிய மரம்.

தூங்குமூஞ்சி மரம். அதை நான் ஆயிரம் தடவை ரோட்டோரத்தில் பார்த்திருக்கிறேன், அதாவது பார்த்ததே இல்லை. வேறு வேலை இல்லாததால் ஒரு சாயங்காலம் அதையே பார்த்தேன். வெயில் இறங்கியதும் இலைகள் ஜோடி ஜோடியாக ஒட்டிக்கொள்ள ஆரம்பித்தன. எல்லாம் ஒன்றாக மூடவில்லை. கீழ்க்கிளையில் முதலில், பிறகு உள்ளே, உச்சியில் வெயில் பட்ட இலைகள் கடைசியாக. கடைசிக் கொத்து மூடும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். ஊசி போட வந்த மலாய்க்கார நர்ஸ், "பொக்கோ புக்குல் லீமா," என்றாள். ஐந்து மணி மரம் என்று அர்த்தம். அப்போதுதான் கவனித்தேன், இவ்வளவு நேரமும் என் மூச்சை நான் நினைக்கவே இல்லை. அது பாட்டுக்கு வந்து போயிருக்கிறது.

மறுநாள் அந்த மரத்துக்காகவே காத்திருந்தேன். காலையில் மைனாக்கள் வந்து ஜன்னல் கட்டையில் ரொட்டித் துண்டுக்குச் சண்டை போட்டன. மழை வருமுன் இலைகள் வெளிறித் திரும்பின. இதற்கு ஆசிரியர் தேவைப்படவில்லை, மெத்தை தேவைப்படவில்லை. புத்தர் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. அவர் வாழ்நாளெல்லாம் நடந்த மனிதர், ஞானம் வந்ததே மரத்தடியில்தான். அவர் பேரால் எங்களை ஜன்னலைச் சாத்தி உட்கார வைத்தவர்கள் மேல்தான் கோபம். அப்போதுகூட அந்தக் கோபத்தில் சரோ அக்கா இல்லை. அவர் வரவேண்டும், வந்து இந்த மரத்தை அவருக்குக் காட்டவேண்டும் என்றுதான் இருந்தேன்.

வந்தார். பார்லித் தண்ணீர் ஒரு புட்டியில் கொண்டுவந்திருந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு, கண்ணை மூடி, எனக்காகக் கொஞ்ச நேரம் நல்லெண்ணம் அனுப்பினார். பிறகு கண்ணைத் திறந்து, போர்வைக்கு மேலாக என் இடது காலில் கையை வைத்தார்.

"இந்தக் காலுதானே. அன்னைக்குத் தொட்டப்பவே சூடா இருந்துச்சு."

நான் எந்தக் கால் என்று அவரிடம் சொல்லியிருக்கவில்லை. அதுகூடப் பெரிதில்லை, முகாமில் நானே காட்டியதுதான். ஆனால் அவர் சொன்ன விதம் எனக்கு உறுத்தியது.

"சூடா இருந்தா என்னான்னு உங்களுக்குத் தெரியுமாக்கா?"

அவர் போர்வை மேலிருந்து கையை எடுத்துக்கொண்டார்.

"அக்கா, காலமெல்லாம் நர்ஸ் வேலை பாத்தவங்க நீங்க. ஒரு காலு மட்டும் வீங்கி, சூடா இருந்தா என்னான்னு உங்களுக்குத் தெரியுமா தெரியாதா?"

"சந்தேகம் வந்துச்சு கலா," என்றார். "நீ சாப்பிடற மாத்திரையும் எனக்குத் தெரியும்தானே."

"அப்பறம் ஏன் சொல்லல?"

சரோ அக்கா பொய் சொல்லத் தெரியாதவர். அதை இன்றும் சொல்வேன். அவர் மடியிலிருந்த கைப்பையின் வாரைச் சுருட்டிக்கொண்டே சொன்னார். "முன்ன ஒரு கோர்ஸ்ல ஒரு பொண்ணு கால் வலிக்குதுன்னுச்சு. நான் பயந்து கிளினிக்குக்கு அனுப்பிட்டேன். ஒண்ணுமே இல்ல. கோர்ஸ் நடத்தின டீச்சர் என்னயத் தனியாக் கூப்பிட்டு, நீ இன்னும் நர்ஸாவே இருக்கே, அந்த நர்ஸை விடு, அதுதான் உன்னோட கட்டுன்னு சொன்னாரு. நான் அதை விடத்தான் பாத்துகிட்டு இருந்தேன். நீ வேற அவ்வளவு அழகா உக்காந்திருந்தே. ஒருவேளை ஒண்ணும் இல்லாமப் போயிட்டா, உன் கோர்ஸும் போயிரும், நானும் திரும்பத் தோத்துருவேன்னு..."

தெரியாமல் என் காலைத் தேய்த்தவர் படிக்கட்டில் உட்கார்ந்து அழுகிறார். தெரிந்து சும்மா இருந்தவர் என் பக்கத்தில் உட்கார்ந்து, தான் விட முயன்ற நர்ஸைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறார். என் உயிரை வைத்து அவர் பரீட்சை எழுதியிருக்கிறார். எனக்கு அழுகை வரவில்லை. வயிற்றில் போட்ட ஊசிகள் எல்லாம் ஒன்றாக வலித்தன.

எழுந்து போகும்போது அவர் மெதுவாகக் கேட்டார். "சென்டர்ல இதப் பத்தி யார்கிட்டயும் சொல்லாத கலா. புதுசா வர்றவங்க பயந்துருவாங்க."

பார்லித் தண்ணீரை ஷாமினியிடம் கொடுத்துக் கொட்டச் சொன்னேன். என்ன விஷயம் என்று அவள் துளைத்துக் கேட்டு வாங்கிக்கொண்டாள். ரெண்டு நாள் கழித்து என் போனில் சென்டர் வாட்ஸ்அப் குழுவைப் பார்த்தவள் முகம் சிவந்துபோனாள். "மா, உனக்கு ஏற்கனவே ரத்தத்துல வியாதி இருந்துச்சாம். சரோ ஆன்ட்டி எழுதியிருக்காங்க. எல்லாரும் தாமரைப் பூ போட்டிருக்காங்க." நான் போனை வாங்கி, அந்தக் குழுவிலிருந்து வெளியேறினேன். யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

வீட்டுக்கு அனுப்பும்போது ரத்தம் இளகும் மாத்திரை கொடுத்தார்கள். அளவு கூடினால் எங்காவது ரத்தம் கசியும், குறைந்தால் திரும்ப உறையும், அதனால் அடிக்கடி ரத்தம் சோதிக்க வேண்டும். கீரையை ஒருநாள் அள்ளி, ஒருநாள் விட்டு என்று சாப்பிடக் கூடாது. தினமும் நடக்க வேண்டும். "உக்காந்தே இருக்காதீங்க ஆன்ட்டி," என்றார் டாக்டர். மணியம் என்னைப் பார்த்துச் சிரிக்காமல் இருக்க ரொம்பக் கஷ்டப்பட்டார்.

சரோ அக்காவும் நானும் ஒரே புளோக். லிஃப்ட் நாலாவது மாடியில் நின்றால் எனக்கு நெஞ்சு திக்கென்றிருக்கும். அதனால் இறங்கும்போது படியில் இறங்க ஆரம்பித்தேன். நாலாவது மாடியைக் கடக்கும்போது அவர் வீட்டு ஊதுபத்தி வாசனை வரும். ஒவ்வொரு நாளும் அதே கேள்வி மனதில் ஓடும்: இந்தப் பெண் எனக்குச் செய்த நல்லது பொய்யா? அது பொய் என்றால் நான் தூங்கிய தூக்கமும் பொய். பொய் இல்லை என்றால், அதே கை ஏன் என்னை எழுப்பவில்லை? யார் சொல்வதை இனி நம்புவது என்று தெரியாமல் வாழ்வது, மூச்சு முட்டுவதை விட மோசம்.

மணியம் தினமும் காலை என்னை மோட்டாரில் ஆயர் ஈத்தாம் அணைக்கட்டுக்குக் கொண்டுபோவார். முதலில் பத்தடி நடந்து நிற்பேன். நிற்கும்போது எதையாவது பார்ப்பேன். அப்படித்தான் பழகியது. தண்ணீர் மேல் தும்பிகள் வாலால் தொட்டுத் தொட்டுப் போவதை, குரங்குக் குட்டி தாயின் வயிற்றைப் பிடித்தபடி தலைகீழாக உலகத்தைப் பார்ப்பதை, மழை பெய்த மறுநாள் மண்ணிலிருந்து வரும் வாசனை நிழலில் ஒரு மாதிரியும் வெயிலில் ஒரு மாதிரியும் இருப்பதை. மனசு தம்பியிடம் ஓடும், சரோ அக்காவிடம் ஓடும், ஏதோ ஒரு பறவை கத்தியதும் திரும்பி வரும். சென்டரில் இதற்குத்தான் வருஷக்கணக்கில் முயன்றோம். இங்கே காலும் நடக்கிறது, கண்ணும் திறந்திருக்கிறது. கால் கனத்தால் நிற்கிறேன், அதைக் கேட்க யாரிடமும் அனுமதி வாங்கவில்லை.

ஒருநாள் தலைக்கு மேல் அதே சத்தம். நனைந்த கைலியை உதறுவது போல. நிமிர்ந்து பார்த்தேன். கறுப்பு வெள்ளையாக, பெரிய மஞ்சள் அலகோடு ரெண்டு பறவைகள் மலைப்பக்கம் போயின. மலாயில் எங்காங் என்பார்கள். இருவாட்சி என்று ஷாமினி போனில் தேடித் தமிழில் சொன்னாள். முகாமில் என் தலைக்கு மேல் பறந்ததும் இதுதான். கண்ணைத் திறக்காதே என்று தோளில் தட்டிய விரலை நினைத்து, அங்கேயே நின்று ஆத்திரம் தீர அழுதேன். ஆஸ்பத்திரியில் வராத அழுகை.

போன மாதம் ஒரு ஞாயிறு, அணைக்கட்டில் சரோ அக்கா நின்றிருந்தார். நான் வரும் நேரம் புளோக்கில் யாருக்குத்தான் தெரியாது. இளைத்திருந்தார்.

"நானும் கூட நடக்கட்டுமா கலா?"

"ரோடு எல்லாருக்கும் பொதுதானேக்கா."

"பேசாம நடப்போம்."

"பேசாம இருக்கறதுல உங்களுக்கு என்ன கஷ்டம்," என்றேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். மணியம் மோட்டார் பக்கத்திலேயே நின்றுவிட்டார்.

நடந்தோம். அவர் சென்டரில் சொல்லிக்கொடுத்தபடி நடந்தார். பார்வை தரையில், இமை பாதி மூடி, ஒவ்வொரு அடியையும் தூக்கி, நகர்த்தி, வைத்து. நான் வழக்கம்போல வேடிக்கை பார்த்துக்கொண்டு போனேன். ஏரிக்கு அந்தப் பக்கம் சில சீனப் பெண்கள் மெதுவாகக் கைகளை வீசிப் பயிற்சி செய்துகொண்டிருந்தார்கள். பாதை வளையும் இடத்தில் செடிகள் கம்பி வேலியின் மேல் சாய்ந்திருக்கும். சரோ அக்காவுக்கு மூச்சு வாங்கியது. நின்று, கைப்பிடிக் கம்பியைப் பிடிக்கக் கையை நீட்டினார்.

இலைகளுக்கு நடுவே ஒரு பச்சை, இலையின் பச்சை இல்லை. கம்பியைச் சுற்றி, மஞ்சள் வரியோடு, முக்கோணத் தலையோடு, அசையாமல் இருந்தது. பாயான் லெப்பாஸ் பாம்புக் கோயிலில் பார்த்திருப்பீர்களே, அதே விஷ விரியன். நாள்கணக்கில் அசையாமல் ஒரே இடத்தில் உட்காரும்.

"அக்கா! கையை எடு! பாம்பு!"

நான் போட்ட சத்தத்தில் அவர் பின்னால் தாவி விழப்பார்த்தார். தோளைப் பிடித்து இழுத்து நிறுத்தினேன். குரல் தண்ணீரைத் தாண்டிப் போய் மலையில் மோதித் திரும்பியது. அந்தப் பக்கம் பயிற்சி செய்த பெண்கள் வீசிய கையோடு திரும்பிப் பார்த்தார்கள். மணியம் ஹெல்மெட்டோடு ஓடிவந்தார். பாம்பு மட்டும் அசையவில்லை. சரோ அக்காவின் விரலுக்கும் அதன் தலைக்கும் நடுவே ஒரு சாண் இருந்திருந்தால் அதிகம்.

அதை நினைத்துப் பார்க்க, எடைபோட எனக்கு நேரமே இருக்கவில்லை. வேறு ஏதாவதாக இருக்குமோ, தவறாகிப் போனால் வெட்கக்கேடோ, அவர் நடை கலையுமோ, எதுவும் தோன்றவில்லை. கண்ணில் பட்டது, வாயில் வந்துவிட்டது.

சரோ அக்கா கொஞ்ச நேரம் அந்தப் பச்சையையே பார்த்தார். பிறகு, கண்ணில் நீரோடு, என்னைக் கடிந்துகொள்வது போலக் கேட்டார்.

"இவ்வளவு சத்தமாவா கத்தணும், கலா?"

"ஆமாக்கா," என்றேன். "இப்படித்தான் கத்தணும்."